கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு மனை

1

இந்த வாரம் எங்கள் ஊருக்குப் பிறந்தநாள். வயது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவதை யாராவது மொழிபெயர்த்துக் காட்டிவிட்டால் நாளைக்கு ரொட்டிக் கடையில் எனக்கு வணக்கம் கிடைக்காது.

விழாவை முன்னிட்டு இறைச்சிக் கடைக்காரர், தபால் அதிகாரி, மேயர் மூவரும் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ரோமானியர்களாகத் திரிகிறார்கள். ஏப்ரல் மாதக் குளிருக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டிருப்பது நடக்கும்போது தெரிகிறது. வேட்டி கட்டிப் பழகாத மாப்பிள்ளை கல்யாண வீட்டில் படுகிற பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேயர் அதே பாடுதான் படுகிறார். ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என் கையைக் குலுக்கினார்.

"இரண்டாயிரம் வருஷமாக நாங்கள் இங்கே இருக்கிறோம், ஹெர் தேவசகாயம்!"

என் மனைவி எஸ்தர் பக்கத்தில்தான் நின்றாள். "இவரு தாத்தாவே வேற ஊர்லேருந்து பொழைக்க வந்தவர்னு ரொட்டிக் கடைக்காரம்மா சொன்னாளே," என்றாள் தமிழில், முகத்துச் சிரிப்பைக் கொஞ்சமும் மாற்றாமல். மேயர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

ஊர் கொண்டாடிக்கொண்டிருந்த இதே வாரத்தில் நாங்கள் வீடு கட்டும் மனையில் ஒரு பள்ளம் வெட்டினோம். எஸ்தரும் மகளும் என்னோடு இங்கே இருப்பார்களா, ஜூன் மாதம் திருச்சிக்குக் கிளம்பிவிடுவார்களா என்பது அந்தப் பள்ளத்தில் வந்து நின்றது. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

2

நான் கட்டடப் பொறியாளன். அறுபதுகளின் நடுவில் டார்ம்ஸ்டாட்டுக்கு மேல்படிப்புக்கு வந்து, படிப்பு முடிந்ததும் பாலங்களுக்குக் கணக்குப் போடும் ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. எஸ்தர் பின்னால் வந்தாள். மகள் அன்புமலர் இங்கேதான் பிறந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் அன்னா. யார் மாற்றியது என்று கேட்டால், "அது அப்படித்தான்," என்று ஜெர்மனில் பதில் வரும். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் சொல்வாள். இரண்டு தண்டவாளம் மாதிரி சேராமலே குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் லுத்தரன் கிறிஸ்தவர்கள் என்பதை இந்த ஊர்ப் பாதிரியாரால் சீக்கிரம் ஜீரணிக்க முடியவில்லை. "எப்போது மதம் மாறினீர்கள்?" என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே பரிவோடு கேட்டார். "நான் மாறவில்லை ஐயா. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் வந்து என் பாட்டனாருடைய பாட்டனாரை மாற்றிவிட்டுப் போனார். புகார் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்," என்றேன். அன்றிலிருந்து எங்களுக்கு முன்வரிசையில் இடம்.

பாதிரியாரைச் சமாளித்தோம், வாடகை வீட்டைச் சமாளிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது. மத்தியானத் தூக்க நேரத்தில் குழந்தை ஓடக் கூடாது. மாடிப்படியை முறைவைத்துத் துடைக்க வேண்டும், துடைத்த பிறகு வீட்டுக்காரம்மா வந்து விரலால் தடவிப் பார்ப்பார். கடுகு தாளிப்பதைப் பற்றி மட்டும் விதி இல்லாமல் இருந்தது, ஏனென்றால் மனிதன் கடுகைத் தாளிப்பான் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. எஸ்தர் முதல் தடவை தாளித்த அன்று சாயங்காலமே அதற்கும் ஒரு விதி வந்துவிட்டது.

போன வருஷம் ஒருநாள் வீட்டுக்காரம்மா படியைத் தடவிவிட்டு விரலை எஸ்தரின் முகத்துக்கு நேரே நீட்டினார். எஸ்தர் உள்ளே வந்து படி துடைக்கிற துணியை மடித்துக் குப்பையில் போட்டாள்.

"என்னங்க, இனிமே அடுத்தவ வீட்டுப் படியை நான் துடைக்கிறதா இல்லை. ஒண்ணு, நமக்குன்னு ஒரு வீடு. இல்லேன்னா நானும் மலரும் அடுத்த வருஷம் ஜூன்ல திருச்சிக்குக் கிளம்புறோம். ஸ்கூல் சீட்டுக்கு அண்ணன் சொல்லி வெச்சிருக்கார்."

"வீடு கட்டுறதுன்னா சும்மாவா எஸ்தர்?"

"சும்மா கட்டச் சொல்லலை. நீங்க இன்ஜினீயர்தானே?"

அவள் கோபத்துக்குக் காரணம் அந்த அம்மாவின் விரல் மட்டுமில்லை. நாங்கள் இருவருமே பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவர்கள். வெள்ளைக்காரன் நூல் பிடித்துப் போட்ட தெருக்கள். உத்தியோகத்துக்கு ஏற்ற அளவில் வீடு, வீட்டு அளவுக்கு ஏற்ற மரியாதை. எஸ்தரின் அப்பா பணிமனையில் ஃபிட்டர். அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், நாற்காலியில் உட்கார வைத்து போட்டோ எடுத்தார்கள், பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் தேதியைச் சொன்னார்கள். விதி அதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் இருந்த வீடு அது. எஸ்தர் பிறந்ததும் அங்கேதான். காலி செய்த நாளில் அவர் கதவைப் பூட்டிச் சாவியை ஒரு குமாஸ்தாவின் கையில் கொடுத்ததையும், கொடுத்துவிட்டுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதையும் எஸ்தர் பார்த்திருக்கிறாள். பாலக்கரையில் ஒரு வாடகைப் போர்ஷனில்தான் அவர் கண்ணை மூடினார்.

3

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு லத்தீன் வாத்தியார் குடியிருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ரோமாபுரி மட்டும் இருந்தது. எஸ்தரின் ரசத்துக்கு அடிமையாகி, மூக்கைத் துடைத்துக்கொண்டே வாரம் ஒருநாள் எங்களோடு சாப்பிடுவார். ரசத்துக்கு நன்றிக்கடனாக ரோமானியர்கள் ஊர் உண்டாக்கின கதையை எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே நடத்திக் காட்டினார்.

முதலில் குறி சொல்கிறவர் வானத்தைப் பார்ப்பாராம். பறவை சரியான பக்கமாகப் பறந்தால்தான் ஊர். "பல்லி சொல்றதுக்கு நம்மளைச் சிரிச்சாங்களே," என்றாள் எஸ்தர். அதன்பிறகு நில அளவைக்காரன் வருவான். ஒரு கம்பு, அதன் தலையில் குறுக்காக நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு தூக்குக் குண்டு. நம் ஊர்க் கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே குண்டுதான். இவர்கள் அதை வைத்து ஊருக்கே நூல் பிடித்தார்கள். வாத்தியார் மேசையில் கத்தியை நீளமாகவும் முள்கரண்டியைக் குறுக்காகவும் வைத்தார். இரண்டு பெரிய தெருக்கள், வெட்டுகிற இடத்தில் சந்தை மைதானம், மற்றதெல்லாம் சதுரம் சதுரமாக மனைகள். இன்றைக்கும் எங்கள் கடைத்தெரு அந்தக் கத்திதான். இறைச்சிக் கடை இருக்கிற இடத்தில் கிழக்கு வாசல் இருந்தது. மதில் இருந்த இடத்தில் இப்போது பேருந்து சுற்றி வருகிறது.

"சதுரம் சதுரமா இருந்தா எங்க பொன்மலைதான்," என்றேன். வாத்தியாருக்குப் பொன்மலை எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தமாதிரி தலையாட்டினார்.

எல்லை குறிக்க ஏர் பூட்டுவார்களாம். வெளிப்பக்கம் காளை, உள்பக்கம் பசு. அந்த உழவுசால் போகிற வழியில்தான் மதில். அதைத் தாண்டிக் குதித்தால் மரண தண்டனை. வாசல் வரவேண்டிய இடத்தில் மட்டும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, தாண்டியதும் மறுபடி இறக்குவார்கள்.

"பசுவையா ஏர்ல பூட்டினாங்க?" எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வெளங்கின மாதிரிதான்." நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மனைகளை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். சீட்டுப் போட்டு, ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு, என்றார். இருபத்தைந்து வருஷம் சேவகம் செய்தால் நிலம் உண்டு. சிப்பாய்கள் ரோமாபுரியில் பிறந்தவர்களா என்றால், இல்லை. சிரியாக்காரன், ஸ்பெயின்காரன், எங்கெங்கிருந்தோ வந்தவன். வந்த இடத்திலேயே மனை வாங்கி, கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்றுக்கொண்டு கிடந்தான். அவன்தான் ஊரின் முதல் குடிமகன்.

எஸ்தர் ஜெர்மனில் நேரடியாகவே கேட்டாள். "சிரியாக்காரனிடம், நீ வெளிநாட்டுக்காரன், உனக்கு மனை இல்லை என்று யாரும் சொல்லவில்லையா?"

வாத்தியார் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த வாரம்தான் மனை கேட்டு நாங்கள் போட்ட விண்ணப்பத்தை நகராட்சி இரண்டாவது தடவை திருப்பி அனுப்பியிருந்தது.

4

கிழக்கு வாசலுக்கு வெளியே நகராட்சி புதிய குடியிருப்பு ஒன்று போட்டிருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பத்துக்கு இங்கே ஆன்ட்ராக் என்று பெயர். ஆன்ட்ராக் கொடுத்தால் டெர்மின், அதாவது வந்து பார்க்க ஒரு தேதி, கொடுப்பார்கள். டெர்மின் அன்று போனால் இன்னொரு தாள் குறைகிறது என்பார்கள். அதைக் கொண்டுபோனால், வரிசையில் இருக்கிறீர்கள் என்று கைகுலுக்கி அனுப்புவார்கள். இதை நான் கிண்டலாகச் சொன்னாலும் அன்றைக்கெல்லாம் வயிறு எரிந்தது. நான் கணக்குப் போட்ட பாலத்தின் மேல் இவர்கள் பயமில்லாமல் கார் ஓட்டுகிறார்கள். அதன் பக்கத்தில் நான் குடியிருப்பதற்குத்தான் யோசனை.

இந்தக் குளிர்காலத்தில் திடீரென்று அவர்களே கூப்பிட்டார்கள். ஒரே ஒரு மனை மிச்சம் இருக்கிறது, வேண்டுமா?

எஸ்தர் திசைகாட்டியோடு வந்தாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே மனையடி சாஸ்திரமும் இருக்கும், இரண்டும் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் பனியில் நான்கு மூலைக்கும் நடந்து பார்த்தாள். கிழக்குப் பார்த்த மனை. முன்னால் நேரான பழைய சாலை. வடகிழக்கு மூலை தானாகவே தாழ்ந்திருந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இம்புட்டு நல்ல மனையை ஒருத்தனும் எடுக்கலை பாருங்க. இவனுங்களுக்கு ஒரு எழவும் தெரியலை!"

மறுநாளே கையெழுத்துப் போட்டோம். அதற்கடுத்த ரசத்தன்று வாத்தியாரிடம் மனை எது என்று சொன்னேன். அவர் ரசத்தை நிறுத்திவிட்டு எங்களை மாறிமாறிப் பார்த்தார்.

ரோமானியர்கள் செத்தவனை ஊருக்குள் புதைக்கமாட்டார்களாம். சட்டம். வாசலுக்கு வெளியே, சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கல்லறை. வழிப்போக்கன் நின்று பெயரைப் படிக்க வேண்டும் என்று சாலையோரமாகவே வைப்பார்கள். எங்கள் மனைக்கு முன்னால் போகிற அந்த நேரான பழைய சாலைதான் அந்தச் சாலை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். கெல்லர் என்கிற நிலவறை இல்லாமல் ஜெர்மன்காரன் வீடு கட்டமாட்டான். அந்த இடத்தில் நிலவறைக்குத் தோண்டினால் யாராவது ஒரு ரோமானியர் கிடைப்பார். கிடைத்தால் தொல்பொருள் அலுவலகம் தூரிகையோடு வந்து வேலையை நிறுத்திவிடும். எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்த மனை யாருக்கும் வேண்டாமல் எங்களைத் தேடி வந்திருந்தது.

வாத்தியார் போன பிறகு எஸ்தர் சொன்னாள்: "பொண்டாட்டி பிள்ளைக்கு சுடுகாட்டுல மனை வாங்கியிருக்கீங்க."

திசைகாட்டி யார் கையில் இருந்தது என்று அந்த நேரத்தில் கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

என்னைக் காப்பாற்றியது நம் ஊர்ப் பழக்கம். நம்மில் எவன் வீட்டுக்கு அடியில் குழி வெட்டிக்கொண்டு குடியிருக்கிறான்? தோண்டினால்தானே ரோமானியர்? நான் தோண்டப் போவதில்லை. சரளைக்கல் கொட்டி மேடாக்கி, அதன்மேல் முழுத்தளமாகக் கான்கிரீட் போட்டு, வீட்டை மேலே உட்கார வைக்கிறேன். அவர் கீழே நிம்மதியாக இருக்கட்டும், நாம் மேலே இருப்போம். வரைபடத்தைக் கொண்டுபோய்க் கட்டட அலுவலகத்தில் நீட்டினேன். அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலவறையைப் பின்பக்கத்தில் வரைந்திருப்பேன் என்று நினைத்தார் போல.

"கெல்லர் எங்கே?"

"இல்லை."

"உருளைக்கிழங்கை எங்கே வைப்பீர்கள்?"

"எங்களுக்கு அரிசி. அது சமையலறையிலேயே இருக்கும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு யுத்தம் வந்தால்?"

"திருச்சிக்குப் போய்விடுவோம்."

அனுமதி கிடைத்தது. எஸ்தரும் அரை மனதாக ஒத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. கல்லறையோ எலும்போ என் கண்ணுல பட்டுதுன்னா அன்னைக்கே டிக்கெட் எடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தூதரகத்துக்குப் போய் மகளின் பெயரைத் தன் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

5

தண்ணீர்க் குழாயை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். திருச்சியில் குழாய் சுவர்மேலேயே ஓடும், சித்திரை மாதம் திறந்தால் வெந்நீர் வரும். இங்கே ஆளின் இடுப்புக்கு மேல் ஆழத்தில் போடாவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். ஆகவே சாலையிலிருந்து வீடுவரை ஒரு குறுகலான பள்ளம். அந்த ஒரு பள்ளத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று, கணக்கை மட்டும் நம்புகிற நான் ஜெபம் பண்ணினேன்.

ஊர்விழாவின் இரண்டாம் நாள் கடப்பாரை 'டங்' என்றது. சதுரமான கல். மண்ணைத் தள்ளினால் எழுத்து.

எஸ்தரும் மகளும் அப்போதுதான் காப்பியோடு வந்தார்கள். மறைக்க நேரமில்லை. எஸ்தர் எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பிப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்தாள். நான் மனதுக்குள் ஃபிராங்பர்ட் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்னா ஓடிப்போய் வாத்தியாரைக் கூட்டிவந்தாள். அவர் ஊர்வலத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். படுக்கை விரிப்பு, செருப்பு, தலையில் இலைக் கிரீடம். அந்தக் கோலத்திலேயே பள்ளத்தில் முழங்காலிட்டு, தூக்கிச் சொருகிய துணியோடு கல்லைத் துடைத்தார். கல்லுக்கு அடியில் இருந்தவர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

வாத்தியார் சத்தமாக வாசித்துச் சொன்னார். சிரியாவிலிருந்து வந்த சிப்பாய். இருபத்தைந்து வருஷம் சேவகம். கல்லை வைத்தது மகள். வரியில் மூன்று பெயர்கள் இருந்தன. சிப்பாயுடைய அப்பாவின் பெயர் வாத்தியாரின் நாக்கில்கூடச் சரியாகப் புரளாத சிரியாப் பெயர். சிப்பாயின் பெயர் பாதி அங்கே, பாதி இங்கே. மகளின் பெயர் சுத்தமாக இந்த ஊர்ப் பெயர். அன்னா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பெயரின் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்துவிட்டார். நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். வேலையை நிறுத்த வேண்டும். கல்லின் அடியில் சாம்பல் ஜாடி இருக்கும். கல்லையும் ஜாடியையும் எடுத்து நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"என்ன சொல்றான்?" என்றாள் எஸ்தர். அவர் பேசிய அலுவலக ஜெர்மன் அவளுக்குப் பிடிபடவில்லை.

சொன்னேன்.

"யாரு இந்த மனுஷன்? என்ன வேலை பார்த்தாராம்?"

"வெளியூர்க்காரர். பட்டாளத்துல இருபத்தஞ்சு வருஷம். ரிட்டயர் ஆனதும் மனை குடுத்திருப்பாங்கன்னு வாத்தியார் சொல்றார். இங்கேயே இருந்து செத்துட்டார். பொண்ணு கல்லு வெச்சிருக்கு."

எஸ்தர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"குடுத்த இடத்தை இப்பப் புடுங்குறாங்களா?"

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் ஓரத்துக்குப் போய், அந்த இளைஞருக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றாள். ரொட்டிக் கடையில் கற்றுக்கொண்ட ஜெர்மன், ஆனால் குரல் அவளுடையது.

"வேண்டாம். எடுக்கக் கூடாது. இவர் இங்கே குடியிருக்கிறவர்."

இளைஞர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் காப்பிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிறமாதிரி, "அம்மா, அவர் இறந்துபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இங்கே குடியிருப்பது நீங்கள்," என்றார்.

"ஆமாம்," என்றாள் எஸ்தர். "அவரும் நாங்களும் இங்கே குடியிருக்கிறோம்."

வாத்தியார் கிரீடத்தைக் கழற்றிவிட்டார். இளைஞர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். அருங்காட்சியகத்துக் கிடங்கில் இவரைப்போல் ஏகப்பட்ட பேர் அட்டை கட்டிப் படுத்திருக்கிறார்கள் என்று அவரே ஒத்துக்கொண்டார். மேலதிகாரியிடம் பேசிப் பார்ப்பதாகவும், படம் எடுத்து, எழுத்தைத் தாளில் ஒற்றி எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே மூடிவிடலாம் என்றும் சொன்னார். ஒரு நிபந்தனை, குழாய் அந்தப் பக்கம் போகக் கூடாது.

இங்கே குடியிருக்கிறோம் என்ற வார்த்தையை, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எஸ்தர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறியாளன் மனைவி முன்னால் அழக் கூடாது என்று ஒன்றுமில்லை, ஆனால் பக்கத்தில் இரண்டு ஜெர்மன்காரர்கள் நின்றார்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அந்தச் சிப்பாயின் தலைமாட்டைச் சுற்றிக் குழாயை எப்படி வளைப்பது என்று பார்க்கப் பள்ளத்தில் இறங்கினேன்.